சர்க்கரை சென்சார் யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்?

பல்லாவரம் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் எத்தனை மருந்துக்கடைகள், எத்தனை ரத்தப் பரிசோதனைக் கூடங்கள், எத்தனை ‘சுகர் கிளினிக்’ பலகைகள் என்று பார்த்துக்கொண்டே போனால் போதும், தென்சென்னைப் புறநகரின் உடல்நிலை விளங்கிவிடும். அந்தக் கடைகளில் ஸ்ட்ரிப் டப்பாக்களுக்குப் பக்கத்தில் சில ஆண்டுகளாகப் புதிய பெட்டி ஒன்று சேர்ந்திருக்கிறது. அதற்குள் இருப்பது, மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டால் இரண்டு வாரம் இரவு பகலாகச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார். விலை ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. அதைவிட மலிவானவையும் வரத் தொடங்கிவிட்டன.

சர்க்கரை நோய் சிகிச்சையில் இன்சுலினுக்கு அடுத்தபடியாக நோயாளியின் அன்றாடத்தை மாற்றக்கூடிய கருவி இது என்று நான் நம்புகிறேன். ஆனால், அது போய்ச் சேரும் வரிசை தலைகீழாக இருக்கிறது. நோயே இல்லாமல், எந்தப் பழம் எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்க விரும்பும் ஓஎம்ஆர் ஐடி ஊழியரின் கையில் அது இருக்கிறது. நாளுக்கு நான்கு ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளையின் கையில் இல்லை. இரவில் சர்க்கரை இறங்கி, வியர்த்து எழும் எழுபது வயதுப் பாட்டியின் கையிலும் இல்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, பெனடிக்ட் கரைசல் சேர்த்துக் கொதிக்க வைத்து நிறம் பார்த்தார்கள். நீலம் என்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம் என்றால் கவலை. மருத்துவர் எம்.விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது மருத்துவர்கள் கையிலிருந்த கருவிகள் அந்த அளவில்தான் இருந்தன. பிறகு வீட்டுக்கு வீடு குளுக்கோமீட்டர் வந்தது. தோலுக்கு அடியில் தொடர்ச்சியாக அளக்கும் முதல் கருவிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 1999-இல். அது மூன்று நாள் மட்டுமே அளந்தது, முடிவை மருத்துவர்தான் பார்க்க முடிந்தது. அபாட் நிறுவனத்தின் ‘லிப்ரே’ 2014-இல் ஐரோப்பாவில் வந்த பிறகுதான், விரலைக் குத்தி அளவைச் சரிசெய்ய வேண்டிய தேவை இல்லாமல், பதினான்கு நாள் தொடர்ந்து அணிவது சாதாரண மக்களுக்குச் சாத்தியமானது. மருத்துவரே பொருத்தி, மருத்துவரே படித்துச் சொல்லும் ‘லிப்ரே புரோ’ 2015-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. நோயாளி தானே வாங்கி ஒட்டிக்கொள்ளும் வகை அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது.

பொருத்துவதில் பயப்பட ஒன்றும் இல்லை. மேற்கையின் பின்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, கருவியை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம். உள்ளே போன ஊசி அடுத்த கணமே வெளியே வந்துவிடும். முடியைப் போல மெல்லிய இழை ஒன்று மட்டும் தோலுக்கடியில் சுமார் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்தில் தங்கும். “அம்மா, இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காதீங்க” என்று செவிலியர் சொல்லி அனுப்புவார். அது வெறும் உபசாரப் பேச்சு இல்லை. சென்சார் உடலுக்கு அடியில் அழுந்தினால் அங்கே நீரோட்டம் குறைந்து, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். நள்ளிரவில் 55 என்று அலறி எழுப்பும். வீட்டார் பதறிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பார்கள். காலையில் 250 இருக்கும்.

இந்த இழை ரத்தத்தைத் தொடுவதே இல்லை. உயிரணுக்களுக்கு இடையே ஊறி நிற்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் ஏறியதும் இறங்கியதும் அங்கே வந்து சேர ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதனால்தான் சாப்பிட்டு அரைமணியில் சென்சாரையும் குளுக்கோமீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. ஒப்பிட வேண்டும் என்றால் சர்க்கரை நிலையாக இருக்கும் நேரத்தில், காலை வெறும் வயிற்றில் ஒப்பிட வேண்டும். அப்போதும் பத்து சதவீதத்தை ஒட்டிய வித்தியாசம் சாதாரணம். முதல் நாள் இன்னும் கொஞ்சம் தடுமாறும்.

எண்ணைவிட முக்கியமானது அதன் பக்கத்தில் நிற்கும் அம்புக்குறி. இதைப் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். லிப்ரேயில் அம்பு நேராகக் கீழே நோக்கினால், நிமிடத்துக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்சுலின் போட்டுவிட்டு அவசரத்தில் இரண்டு இட்லியோடு கிளம்பிய ஒருவர் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கும்போது 110 காட்டுகிறது. நல்ல எண். ஆனால் அம்பு கீழ்நோக்கி இருக்கிறது. அவர் கடற்கரை மின்சார ரயிலில் ஏறி, கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிண்டி போய்ச் சேரும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் அது அறுபதுக்குக் கீழே போகலாம். கை நடுங்கி, கண் இருண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். அதே 110, அம்பு கிடைமட்டமாக இருந்தால் கவலையில்லாத பயணம். விரலில் குத்திப் பார்க்கும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. அந்த வண்டியில் ஏறுமுன் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ வாயில் போட்டுக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த மறுபார்வையை விரல்நுனியில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சென்சார் அந்த நேரத்தில் பின்தங்கித்தான் வரும்.

மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி ஒன்றே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது சராசரி, 50-க்கும் 300-க்கும் இடையே ஊசலாடும் ஒருவருக்கும், 140-ஐ ஒட்டியே இருக்கும் ஒருவருக்கும் ஏறக்குறைய ஒரே முடிவைக் கொடுத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சோதனை சிவப்பணுக்களை நம்பி நிற்கிறது. ரத்தசோகை இருந்தால் கணக்கு பிசகும். இரும்புச்சத்துக் குறைவில் முடிவு உண்மையைவிடக் கூடுதலாக வரும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நிலையில் குறைவாக வரும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட மாநிலத்தில் அந்த ஒற்றை எண்ணை வைத்தே ஒரு பெண்ணிடம் “நீங்க கட்டுப்பாடா இல்ல” என்று சொல்வது எவ்வளவு அநியாயம்! சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இதே சிக்கல்.

காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இப்படித்தான் பலரைக் குழப்புகிறது. இரவு சப்பாத்திதான் சாப்பிட்டேன், காலையில் எப்படி 170 என்று புலம்பாதவர்கள் இல்லை. விடியற்காலை உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் ஈரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளியே விடுகின்றன. தட்டில் விழுந்ததற்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை. அந்த ஓர் எண்ணைப் பார்த்து ராத்திரி மாத்திரையைக் கூட்டிவிட்டால், இரண்டு மணிக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகலாம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை விடாமல் பிழிபவை. வயதானவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், சஷ்டி கிருத்திகை என்று விரதம் இருந்துகொண்டே மாத்திரையை மட்டும் தவறாமல் போடுபவர்கள், இவர்களுக்கு இரவுத் தாழ்சர்க்கரை உண்மையான ஆபத்து. தூக்கத்தில் அது தெரியாது. காலையில் தலைவலி, நனைந்த தலையணை, ‘ராத்திரி கெட்ட கனவு’ என்ற பேச்சு. இரண்டு வாரம் சென்சார் போட்டுப் பார்த்தால் அந்தக் கனவின் காரணம் வரைபடத்தில் தெரியும்.

அந்த வரைபடத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு 2019-இல் உலக அளவில் நிபுணர்கள் கூடி ஒரு பொது அளவுகோல் வகுத்தார்கள். 70 முதல் 180 மில்லிகிராம் வரையிலான எல்லைக்குள் ஒரு நாளில் எழுபது சதவீத நேரம், அதாவது ஏறத்தாழ பதினேழு மணிநேரம் இருந்தால் நல்லது. எழுபதுக்குக் கீழே நான்கு சதவீதத்துக்கும் குறைவாக, நாளுக்கு ஒரு மணிநேரத்துக்குள் இருக்க வேண்டும். முதியவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு: எல்லைக்குள் பாதி நேரம் இருந்தாலே போதும், எழுபதுக்குக் கீழே மட்டும் ஒரு சதவீதம்கூட, நாளுக்குக் கால் மணிநேரம்கூட, போகக் கூடாது. சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஓய்வுபெற்று வாழும் அப்பாவின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து செயலி வழியே கண்காணிக்கும் மகன் “180 தாண்டிடுச்சுப்பா, ஏன் சாதம் சாப்பிட்டீங்க?” என்று தினமும் கண்டிப்பதைக் கேட்டிருக்கிறேன். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் எழுபத்தைந்து வயதில் 190 ஆபத்தல்ல, 60 ஆபத்து. மகன்கள் முதலில் கீழே இருக்கும் சிவப்புப் பட்டையைப் பார்க்கட்டும்.

எதை வாங்குவது என்பதற்கு என் பதில், யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாத்திரையில் இருப்பவர், தாழ்சர்க்கரை வந்ததில்லை, சர்க்கரை மட்டும் ஏறி இறங்குகிறது என்றால், வருடம் முழுக்க அணிய வேண்டியதில்லை. மாதத்துக்கு இரண்டு என்று வைத்தால் பத்தாயிரம் ரூபாய். அது பல வீடுகளின் வாடகை. அவருக்கு மருத்துவமனையில் பொருத்தும் ‘புரோ’ வகை போதும். திரையில் எண் தெரியாது என்பது அதன் குறையல்ல. எண்ணைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டை மாற்றாமல், வழக்கம்போல் வாழ்ந்த பதினான்கு நாள் அதில் பதிவாகும். மருந்து மாற்றும்போது ஒருமுறை, பிறகு தேவைப்பட்டால் இன்னொருமுறை. ஒரே நிபந்தனை, அந்தப் பதினான்கு நாளும் ஒரு நோட்டில் எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன், மாத்திரை எப்போது, நடை எவ்வளவு, எத்தனை மணிக்குப் படுத்தேன். நோட்டு இல்லாத வரைபடத்தைப் பார்த்து எந்த மருத்துவராலும் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. அறிக்கையை எடுத்து வைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசும் மருத்துவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு வேறு பதில். அவர்களுக்கு எச்சரிக்கை மணி உள்ள வகைதான் வேண்டும். லிப்ரேயின் முதல் வகை, நாம் அளவைப் படிக்கும் ரீடரையோ போனையோ அருகே கொண்டுபோனால் மட்டுமே பேசும்; தூங்குபவரைத் தானாக எழுப்பாது. எட்டு மணிநேரத்துக்கு மேல் ஸ்கேன் செய்யாமல் விட்டால் பழைய பதிவும் அழிந்துவிடும். பின்னால் வந்தவை தாமாகவே போனுக்கு அனுப்பி மணி அடிக்கும். வாங்குமுன் கையில் இருக்கும் போனில் அந்தச் செயலி வேலை செய்யுமா என்று பாருங்கள். அம்மாவின் பழைய போனை நம்பி வாங்கிவிட்டுத் தனியாக ரீடருக்குச் செலவழிப்பவர்கள் அதிகம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிம எண் பெட்டியில் இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் போலவே, எந்த வெப்பத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 25 அல்லது 30 பாகைக்கு மேல் கூடாது. மே மாதத் தாம்பரத்தில் நண்பகல் முழுக்க டெலிவரி வண்டிப் பெட்டியில் வெந்த பொருளை வாங்குவதைவிட, ஏசி உள்ள மருந்துக்கடையில் போய் வாங்குவதே மேல்.

ஊசியே இல்லாமல் சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம், மோதிரம் என்று இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு விற்பவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

நல்ல நிறுவனத்தின் சென்சாரும் தவறலாம். 2025 நவம்பரில் அபாட் நிறுவனமே தன் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் ஒரு பகுதி உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்று அறிவித்து, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது. அதனோடு தொடர்பிருக்கலாம் என்று உலக அளவில் ஏழு மரணங்கள் பதிவாகியிருந்தன. சென்சார் இறங்கு முகம் காட்டுகிறது, உடம்பு அப்படிச் சொல்லவில்லை. அல்லது உடம்பு நடுங்குகிறது, சென்சார் நன்றாக இருக்கிறது என்கிறது. இரண்டு சமயத்திலும் விரல்நுனிச் சோதனைதான் தீர்ப்பு. ஆகவே பழைய குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். காலாவதியாகாத ஸ்ட்ரிப் பத்தாவது வீட்டில் இருக்கட்டும்.

நம்மூருக்கென்று சில சங்கடங்கள் உண்டு. வியர்வையில் பசை இளகும். மேலே மெல்லிய மருத்துவ டேப் ஒட்டிக்கொண்டால் பதினான்கு நாள் தாங்கும். தலைக்குக் குளிக்கலாம், ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் அந்தக் கையை விட்டுவிட வேண்டும், எண்ணெய் பசையின் முதல் எதிரி. தீபாவளி வாரச் சாப்பாடு வழக்கமானது அல்ல என்பதால், அப்போது புதிதாகச் சென்சார் பொருத்தத் தேதி வாங்குவதைத் தள்ளிப் போடலாம். நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் லிப்ரேயின் சில வகைகள் பொய்யாகக் கூட்டிக் காட்டக்கூடும். சளி பிடித்தால் கடையில் கொடுக்கும் ‘சப்பி’ மாத்திரை பெரும்பாலும் அந்த 500-தான், இரண்டு போட்டாலே அளவு தாண்டிவிடும். எம்ஆர்ஐ, சிடி எடுக்கப் போகும்போது கையில் சென்சார் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நோய் இல்லாதவர்கள் வாங்குவதைத் தடுக்க முடியாது. ஆனால், ஆரோக்கியமானவர்களுக்கும் சாப்பாட்டுக்குப் பின் 140 தாண்டுவது உண்டு. வெண்பொங்கல் சாப்பிட்டு 150 போனதைப் பார்த்துப் பயந்து, அரிசியை ஒரேயடியாக நிறுத்தி, அரைகுறைப் பட்டினியில் கிடப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பருப்பும் காய்கறியும் முதலில், சோறு பிறகு, சாப்பிட்டதும் பத்து நிமிட நடை. இந்தப் பாடத்துக்குச் சென்சார் தேவையில்லை.

முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் தேவை. அவர்கள் உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை. சாப்பாட்டுத் தவறால் வந்த நோய் அல்ல அது. தினமும் பலமுறை ஊசி, பலமுறை விரல் குத்து. இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலைப் பிடித்துக் குத்தும் தாய்மார்கள் இந்தப் புறநகர்களில் இருக்கிறார்கள். விரலின் ஓரத்தில் தோல் தடித்துப் போயிருக்கும். அந்தத் தாய் தூங்குவதற்கு வழி செய்வது இந்தச் சென்சார். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு இருபத்தாறு வேண்டும். கடை விலையில் ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு மேல். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம். மருத்துவக் காப்பீடோ பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சேராமல் காப்பாற்றும் கருவிக்குக் காசு தராது.

பிரிட்டனில் 2022-இல் தேசிய மருத்துவத் தர நிறுவனம், முதல் வகை நோயாளிகள் அனைவருக்கும் சென்சார் தரும்படி பரிந்துரைத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் ‘மிட்டாயி’ என்ற திட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் பேனாவோடு தொடர் கண்காணிப்புக் கருவியையும் அரசு கொடுக்கிறது. தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்க நியாயமே இல்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பரிசோதனை என்று நாட்டுக்கே முன்னோடியாக 2007-இல் செய்து காட்டிய மாநிலம் இது. சென்னை மருத்துவக் கல்லூரியின் வி.சேஷய்யா அதற்காக எத்தனை ஆண்டு வாதாடினார்! தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கியபோது காசநோய் பணம் உள்ளவர் மட்டும் வைத்தியம் பார்க்கும் நோயாக இருந்தது. 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்ட பிறகு ஏழைக்கும் அங்கே படுக்கை கிடைத்தது. நீண்டகால நோயைப் பொதுப் பொறுப்பாக எடுத்துக்கொண்ட பழக்கம் இந்த ஊருக்கு உண்டு. சர்க்கரை நோய் காசநோய்க்கு வாசலைத் திறந்துவிடும் நோய் என்பதும் அந்த மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பெரிய காரியம். இப்போது அடுத்த படி வைக்கலாம். ‘புரோ’ வகைக்கு ஒரு ரீடர் பல நோயாளிகளுக்குப் போதும். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் ரீடரையும், அறிக்கை படிக்கப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரையும் வைத்தால், அடிக்கடி மயங்கி விழும் முதியவர்களையும், இன்சுலினுக்கு மாற வேண்டியவர்களையும், ரத்தசோகையால் ஹெச்பிஏ1சி நம்ப முடியாத பெண்களையும் அந்தத் திட்டத்தின் களப்பணியாளர்களே அடையாளம் கண்டு அனுப்பிவிடுவார்கள். முதல் வகைப் பிள்ளைகளுக்கோ மணி அடிக்கும் சென்சார், பதினெட்டு வயதுவரை, இலவசமாக. விலைக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதலால் மருந்து விலையை எவ்வளவு குறைக்க முடியும் என்று மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய நிறுவனம். சந்தையில் இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. மாநிலம் முழுவதும் உள்ள முதல் வகைப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஒரு வருடத் தேவையை ஒரே டெண்டராக அந்தக் கழகம் கேட்கட்டும்.